இடது கன்னத்து நிழல்

அன்று காலை நான் எடுத்த படங்கள் மொத்தம் இருநூற்றுப் பதினொன்று. ஒன்றைக்கூட அழிக்கவில்லை. கணினியில் வரிசையாக இருக்கின்றன. முதல் நூற்று நாற்பத்தெட்டைப் பார்ப்பதில் எனக்குத் தயக்கமில்லை. அதற்கடுத்த படத்தைத் திறக்கும்போது மட்டும் விரல் தானாக நின்றுவிடுகிறது.

வாரநாட்களில் நான் சுங்கை பட்டாணியில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். சனி ஞாயிறுகளில் படம் எடுக்கிறேன். கல்யாணங்களுக்குப் பெரிய குழுக்கள் இருக்கின்றன. எனக்கு வருவதெல்லாம் பிறந்தநாள், பட்டமளிப்பு, குடும்பப் படங்கள்தான். என் கையில் இருப்பது எழுபதிலிருந்து முந்நூறு வரை நீளும் ஒரு டெலிஃபோட்டோ ஜூம் லென்ஸ். பழையதாக வாங்கியது. இருபத்தைந்து அடி தள்ளி நின்றுகொண்டு ஒருவருடைய முகத்தை மட்டும் அருகில் கொண்டுவரலாம். மூக்கு பெரிதாகத் தெரியாது, காது பின்னுக்குப் போகாது, பின்னால் உள்ள மரமும் மலையும் கரைந்துபோய் முகம் மட்டும் நிற்கும். முக்கியமாக, கேமரா தூரத்தில் இருப்பதால் ஆட்கள் கொஞ்ச நேரத்தில் அதை மறந்துவிடுவார்கள். வாழ்நாளில் படத்துக்கு நிற்காதவர்கள்கூட அப்போது இயல்பாகிவிடுவார்கள்.

அந்த லென்ஸோடு பழகுவதற்கு எனக்கு இரண்டு வருடம் ஆனது. ஜூமை நீட்ட நீட்ட அதன் கண் சுருங்கும். உள்ளே வரும் வெளிச்சம் குறைந்து படம் இருண்டுபோகும். கை லேசாக அசைந்தாலே முகம் கலங்கிவிடும் என்பதால் ஷட்டரின் வேகத்தையும் குறைக்க முடியாது. நம் ஆட்களின் முகத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. கறுத்த கன்னத்தின்மேல் ஒளியை அளந்தால் கேமரா அதைச் சாம்பலாக்கப் பார்க்கும், வெளுத்துத் தள்ளும். பின்னால் வானம் பளிச்சென்று இருந்தாலோ நேரெதிராக முகத்தைக் கரியாக்கிவிடும். அதனால் கேமராவின் கணக்கை நம்பாமல், கன்னத்தில் அளந்து, அதிலிருந்து கொஞ்சம் குறைத்து, நானே எல்லாவற்றையும் வைத்துக்கொள்வேன். படம் சரியில்லை என்றால் முதலில் வெளிச்சத்தைத்தான் சந்தேகிப்பேன். அந்தப் பழக்கம்தான் அன்றைக்கு என்னைக் கட்டிப்போட்டது.

தொழிற்சாலையில் எங்கள் உற்பத்தி லைனில் ஒரு அக்கா இருந்தார். சுங்கை லாலாங் பக்கம் ஒரு தாமான் குடியிருப்பில் வீடு. அவருக்குக் கல்யாணமாகி முப்பது வருடம் நிறையப்போகிறது. கோவிலில் நன்றித் திருப்பலி, பிறகு மண்டபத்தில் சாப்பாடு என்று பேசிக்கொண்டிருந்தார். நுழையும் இடத்தில் வைக்க ஒரு பெரிய படம் வேண்டும் என்றார். அவர்கள் கல்யாணப் படத்தில் அவருடைய கணவர் கண்ணை மூடியிருந்தாராம். முப்பது வருடமாக அது ஒரு குறை.

கணவர் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுபவர். ஐம்பத்தெட்டு வயது. அகலமான தோள். நான் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், நினைத்தால் போடுவார், இல்லாவிட்டால் விட்டுவிடுவார் என்று அக்கா வேலையிடத்தில் சலித்துக்கொள்வார். ஒரே மகள் ஜொகூரில் வேலை. அவளுக்கு இரண்டு நாள்தான் லீவு கிடைத்திருந்தது. அந்த இரண்டு நாளில் ஒரு சனிக்கிழமைக் காலையைப் படத்துக்கு ஒதுக்கினோம்.

இடத்தை நான்தான் சொன்னேன். யான் என்ற ஊரில் வயல்வெளி. ஜெராய் மலைக்குக் கீழே, மலையைப் பின்னால் வைத்து எடுக்கலாம். சூரியன் மலையைத் தாண்டி வர நேரமாகும். அதுவரை வயல் முழுக்க மலையின் நிழலில் மெல்லிய வெளிச்சம் இருக்கும். முகத்துக்கு அதைவிட நல்ல வெளிச்சம் கிடையாது.

நாங்கள் இரண்டு காரில் போய்ச் சேர்ந்தபோது எட்டு மணி. அறுவடை முடிந்திருந்தது. தூரத்தில் யாரோ வைக்கோலைக் கொளுத்தியிருந்தார்கள். புகை மேலே எழாமல் வரப்போடு வரப்பாகப் படுத்துக் கிடந்தது. தொண்டையில் கசப்பு. அண்ணன் காடியிலிருந்து இறங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். விடியற்காலை ஐந்து மணிக்கே எழுந்தாராம். தலை கனமாக இருக்கிறது என்று பசியாறவில்லையாம். வழியெல்லாம் பேசவும் இல்லை என்று அக்கா சொன்னார். படத்துக்கு நிற்கப் பயம், அதுதான் என்று மகள் சிரித்தாள். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் நன்றாகப் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒரே அளவாக விரிந்து, மூக்கிலிருந்து வாய்வரை இரண்டு ஆழமான கோடு விழும் சிரிப்பு.

முதல் அரைமணி நேரம் எல்லாம் நன்றாகவே போனது. மூவரையும் வரப்பில் நிறுத்தி எடுத்தேன். அக்கா மயில்நிறப் புடவை, அண்ணன் வெள்ளைச் சட்டை. வெள்ளைச் சட்டைக்கு மேல் கறுத்த முகம் வந்தால் இரண்டையும் ஒரே படத்தில் காப்பாற்றுவது கடினம். ஆனால் நிழல் வெளிச்சம் இருந்ததால் சட்டையின் மடிப்பும் தெரிந்தது, முகமும் தெரிந்தது. மகள் அப்பாவின் காதில் ஏதோ சொன்னாள். அவர் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். எட்டு நாற்பத்தொன்றுக்கு எடுத்த படம் அது. இதுதான் மண்டபத்துக்கு என்று அப்போதே மனதில் வைத்துக்கொண்டேன்.

அடுத்த நிமிடம் மலையின் தோளுக்கு மேல் சூரியன் வந்துவிட்டது.

வயல் முழுவதும் ஒரேயடியாக வெளுத்தது. புகையின்மேல் வெயில் பட்டுக் கண் கூசியது. நான் அவசர அவசரமாக எல்லாவற்றையும் மாற்றினேன். அண்ணனைத் தனியாக ஒரு படம் எடுத்துவிடலாம், அவர் நன்றாக இருக்கும்போதே எடுத்துவிடலாம் என்று தோன்றியது. அந்த வார்த்தைகளைத்தான் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அவரை அசையாமல் நிற்கச் சொல்லிவிட்டு, பின்னால் நகர்ந்து, லென்ஸை முழுதாக நீட்டினேன்.

வலது பக்கத்திலிருந்து வெயில் அவர் கன்னத்து ஓரத்தைத் தொட்டது. இடது பக்கம் இருண்டிருந்தது. வாயின் இடது ஓரம் கீழே இறங்கியதுபோல் தெரிந்தது. நிழல் என்று நினைத்தேன். லென்ஸை நீட்டியதால் வெளிச்சம் குறைந்திருக்கிறது என்று ஒரு படி கூட்டினேன். கன்னம் தெளிந்தது. ஆனால் மூக்கிலிருந்து வாய்க்கு வரும் அந்தக் கோடு இடது பக்கத்தில் இல்லை. வெளிச்சம் அதிகமானால் தோலின் கோடுகள் அழிந்துபோகும், அது எனக்குத் தெரிந்த விஷயம். அதனால் மறுபடி குறைத்தேன். கோடு வரவில்லை. வலது கன்னத்தில் மட்டும் ஆழமாக இருந்தது.

அது எட்டு நாற்பத்தாறு.

என் காடியில் வெள்ளைத் தெர்மோகோல் அட்டை ஒன்று வைத்திருப்பேன், வெயிலைத் திருப்பி நிழலில் விழவைக்க. மகளை அதை எடுத்துவந்து அப்பாவின் இடது பக்கமாகப் பிடிக்கச் சொன்னேன். அவள் பிடித்தாள். வெளிச்சம் நிழலுக்குள் போய் விழுந்தது. நிழல் போய்விட்டது. வாய் மட்டும் அப்படியே இருந்தது. சூரியன் கண்ணில் குத்துவதால் முகத்தைச் சுளிக்கிறார் என்று நினைத்தேன். சூரியன் அவருக்குப் பின்னால் இருக்கிறது என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

அக்காவைப் பக்கத்தில் போய் நிற்கச் சொன்னேன். நன்றாகச் சிரிக்கும்படி அண்ணனுக்குக் குரல் கொடுத்தேன். அவர் ஏதோ பதில் சொன்னார். அந்தத் தூரத்தில் எனக்குக் கேட்கவில்லை. அக்கா சிரித்துக்கொண்டே அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். அவர் வார்த்தைகள் குழைந்து வந்தனவாம். வேண்டுமென்றே குடிகாரனைப்போலப் பேசிக் கேலி செய்கிறார் என்று அக்கா நினைத்திருக்கிறார். இதைப் பிற்பாடு எனக்கு அவர்தான் சொன்னார்.

அண்ணனின் இடது கை கால்சட்டைப் பைக்குள் இருந்தது. எடுத்து அக்காவின் தோளில் போடச் சொன்னேன். லென்ஸ் வழியாக அவருடைய வலது கை குறுக்கே வருவதைப் பார்த்தேன். அது இடது மணிக்கட்டைப் பிடித்து வெளியே எடுத்து, தூக்கி, அக்காவின் தோள்மேல் வைத்தது. ஒரு பொருளை அலமாரியில் வைப்பதுபோல. இரண்டு நொடியில் அந்தக் கை சரிந்து விழுந்தது. அதையும் படம் எடுத்திருக்கிறேன். கை சரிவது வரிசையாக நான்கு படங்களில் இருக்கிறது. ஷட்டர் வேகம் சரியாக இருந்ததால் எல்லாமே துல்லியம்.

அப்போதும் கேமராவை இறக்கவில்லை. கண்ணில் ஃபோகஸ் வைக்க முகத்துக்குப் போனேன். இடது கண் வலது கண்ணைவிடக் கொஞ்சம் தாழ்ந்திருந்தது. வாயின் ஓரத்தில் எச்சில் ஒரு கோடாக வழிந்து வெயிலில் மின்னியது. அவர் அதைத் துடைக்கவில்லை. வழிவது அவருக்குத் தெரியவில்லை.

எங்கள் தொழிற்சாலையில் வருகைப் பதிவு இயந்திரத்துக்குப் பக்கத்தில் பக்கவாதத்தின் அறிகுறிகளைச் சொல்லும் ஒரு சுவரொட்டி உண்டு. பாதி தொங்கிய ஒரு முகம், தூக்க முடியாத ஒரு கை. ஏழு வருடமாகத் தினமும் இரண்டு முறை அதைக் கடந்து போகிறேன்.

கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டு வரப்பின்மேல் ஓடினேன். கால் சேற்றில் புதைந்து ஒரு செருப்பு அங்கேயே நின்றுவிட்டது. அவர் முன்னால் போய் நின்றபோதுதான், சூரியன் வந்த பிறகு முதல்முறையாக லென்ஸ் இல்லாமல் அவர் முகத்தை அருகில் பார்த்தேன்.

"அண்ணே, ரெண்டு கையையும் நேரா தூக்குங்க."

அக்கா புடவையைச் சரிசெய்துகொண்டே கேட்டார். "என்னம்மா, இது புது போஸா?"

வலது கை தோள் உயரத்துக்கு எழுந்தது. இடது கை இடுப்புவரை வந்து, நின்று, விழுந்தது. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல் உருண்டு குழறி வந்தது.

"தூக்கிட்டேன்லா."

மகள் கையிலிருந்த அட்டை வயலில் விழுந்தது.

மகள்தான் அவர்கள் காடியை ஓட்டினாள். அக்கா முன்னால் உட்கார்ந்து திரும்பி அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். நான் பின்னால் அவரைச் சாயாமல் தாங்கிக்கொண்டேன். அவ்வளவு பெரிய உடம்பு என்மேல் கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்தது. அருகிலிருந்த சின்ன ஆஸ்பத்திரியில் உடனே பார்த்து ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனதும் தலையை ஸ்கேன் எடுக்கக் கொண்டுபோனார்கள். மூளையில் ஒரு குழாய் அடைத்திருக்கிறது, ரத்தம் கசியவில்லை என்று சொன்னார்கள்.

இளம் வயது மலாய்ப் பெண் டாக்டர். அவசரத்திலும் நிதானமாகப் பேசினார். அடைப்பைக் கரைக்க ஊசி இருக்கிறது, ஆனால் ஆரம்பித்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதற்குப் பிறகு போட்டால் மூளைக்குள் ரத்தம் கசியும் ஆபத்து கூடும் என்றார். கடைசியாக அவர் எப்போது நன்றாக இருந்தார் என்று கேட்டார்.

அக்கா அழுதுகொண்டே, காலை எழுந்ததிலிருந்தே ஒரு மாதிரிதான் இருந்தார், ஐந்து மணிக்கே தலை கனக்கிறது என்றார் என்று சொன்னார். டாக்டரின் முகம் மாறியது. ஐந்து மணி என்றால் நாலரை மணி நேரம் எப்போதோ முடிந்துவிட்டது. சுவரில் கடிகாரம் பத்து நாற்பத்தைந்தைக் காட்டியது. அவர் கையிலிருந்த தாளில் ஏதோ எழுதப் போனார்.

என் கழுத்தில் கேமரா இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அதுவரை அதை நான் மறந்தே போயிருந்தேன்.

டாக்டரிடம் எட்டு நாற்பத்தொன்றின் படத்தைத் திறந்து காட்டினேன். தலையைச் சாய்த்துச் சிரிக்கும் முகம். முகத்தைப் பெரிதாக்கினேன். இரண்டு கோடும் இருந்தன, இரண்டு கண்ணும் ஒரே உயரத்தில் இருந்தன, இடது கை மகளின் முதுகைச் சுற்றி இறுக்கிப் பிடித்திருந்தது. பிறகு எட்டு நாற்பத்தாறைக் காட்டினேன். அவர் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். கேமராவின் நேரம் சரிதானா என்று மலாயில் கேட்டார்.

"ஜாம் இனி பெத்துல்கா?"

எனக்குத் தெரியாது. வாங்கிய நாளில் வைத்த நேரம். உடனே கேமராவைத் தூக்கிச் சுவர்க் கடிகாரத்தை ஒரு படம் எடுத்து அவரிடம் நீட்டினேன். கேமரா இரண்டு நிமிடம் முந்தியிருந்தது. அந்த நாளின் கடைசிப் படம் அந்தக் கடிகாரம்தான்.

டாக்டர் மேலதிகாரியிடம் போனில் பேசினார். பிறகு அக்காவிடம் ஆபத்தை விளக்கினார், மகள் அதைத் தமிழில் எடுத்துச் சொன்னாள். ஊசி போட்டாலும் கசியலாம், போடாவிட்டால் பாதி உடம்பு போகலாம். அக்கா கையெழுத்துப் போட்டார். பேனா தாளைக் கிழித்தது.

ஊசி போட்ட பிறகு காத்திருந்தோம். அவர் தலைக்குள் இப்போது என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் அக்கா எழுந்து நின்றார். மகள் என் கேமராவை வாங்கி, படங்களை ஒன்றொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளைத் தடுக்கவில்லை. நெடுநேரம் கழித்து, அம்மாவுக்குக் கேட்காத குரலில் என்னைக் கேட்டாள்.

"இதுலயே தெரியுதேக்கா. அப்பவே ஏன் நிறுத்தல?"

வெளிச்சம் சரியில்லை என்று நினைத்ததாகச் சொன்னேன். அவள் கேமராவை என் மடியில் வைத்துவிட்டு அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

எட்டு நாற்பத்தாறிலிருந்து நான் ஓடத் தொடங்கிய ஒன்பது மணி நான்கு நிமிடம்வரை பதினெட்டு நிமிடம். அறுபத்திரண்டு படம். ஒவ்வொன்றிலும் வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ இருக்கிறேன். எல்லாவற்றின் எண்ணும் கோப்பிலேயே பதிவாகியிருக்கிறது. ஒரு மனிதரின் மூளை மூச்சுத் திணறிக்கொண்டிருந்தபோது நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

அவர் பிழைத்தார். மறுநாள் காலை விரல்கள் அசைந்தன. பத்து நாளில் வீட்டுக்கு வந்தார். திருப்பலியைத் தள்ளிவைத்தார்கள். ஒன்றரை மாதம் கழித்து, படத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும், கணினியோடு வா என்று அக்கா கூப்பிட்டார். போகவே பிடிக்கவில்லை. போனேன்.

அண்ணன் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார். தோள் ஒடுங்கியிருந்தது. பேச்சு தெளிவாக இருந்தாலும் ஒவ்வொரு சொல்லையும் தேடி எடுத்துவைப்பதுபோல் மெதுவாகப் பேசினார். வீட்டிலிருந்து புறப்படும்போதே முதல் நூற்று நாற்பத்தெட்டைத் தனியாக ஒதுக்கி வைத்துக்கொண்டு போயிருந்தேன். அதைத்தான் திறந்தேன். அவர் பார்த்துமுடித்துவிட்டு மீதி எங்கே என்று கேட்டார். அவ்வளவுதான் என்றேன். இல்லை, எல்லாவற்றையும் காட்டு என்றார். அக்காவைப் பார்த்தேன். காட்டு என்று அவரும் தலையசைத்தார்.

வலது கையால் அவரே ஒவ்வொன்றாகத் தள்ளினார். அறுபத்திரண்டையும் பார்த்தார். கை சரிந்து விழும் படங்களில் நின்றார். அக்கா அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று தொடங்கினேன்.

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

"எனக்குத் தெரியும்மா. கை என் கையா இல்ல. அதான் பாக்கெட்ல வச்சேன்."

அவர் சொற்களைத் தேடிக்கொண்டு தொடர்ந்தார்.

"சொன்னா எல்லாரும் கெளம்பிடுவீங்க. பிள்ளைக்கு ரெண்டு நாள்தான் லீவு. படம் முடியட்டும்னு நெனச்சேன்."

பின்னால் நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்த அக்காவின் கை விலகியது. அவர் சமையலறைக்குள் போனார். தண்ணீர்க் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. வெகுநேரம் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

நான் எழுந்து போனேன். அவர் எதையும் கழுவவில்லை. குழாயைத் திறந்துவிட்டு அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"இன்னைக்குக் காலையில எப்படி இருக்குன்னு கேட்டேன். நல்லா இருக்குன்னுதான் சொன்னாரு," என்றார். "தெனமும் அதான் சொல்றாரு."

நான் குழாயை மூடினேன். கூடத்தில் சொடுக்கும் சத்தம் கேட்டது. அண்ணன் மறுபடி முதலிலிருந்து படங்களைத் தள்ளிக்கொண்டிருந்தார். அக்கா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, இந்தமுறை அவர் பின்னால் நிற்கவில்லை. மேசைக்கு எதிர்ப்பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு, அவர் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார். எட்டு நாற்பத்தொன்றின் படத்தையே பெரிதாக்கிவிடலாம் என்று அண்ணன் சொன்னார். அக்கா சரி என்றார். திரையைப் பார்க்கவே இல்லை. அவருடைய வாயின் இடது ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.